திரும்பி உட்கார்ந்த மலை

நாச்சிமலை திரும்பி உட்கார்ந்ததை முதலில் கண்டுகொண்டவை ஆடுகள்தான். பட்டியைத் திறந்துவிட்டதும் நேராக மேட்டுப் பக்கம் ஓடுகிறவை, அன்றைக்குக் கொஞ்ச தூரம் போய் நின்று, தலையைத் தூக்கி மலையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல இடது பக்கம் திரும்பி, முந்தைய நாள்வரை அங்கே இல்லாத ஓர் ஒற்றையடிப் பாதையில் வரிசையாக ஏறிப் போயின. அதற்குப் பிறகுதான் வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்த பெண்களும், வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு நின்ற ஆண்களும் அண்ணாந்து பார்த்தார்கள். மலை இருந்த இடத்தில்தான் இருந்தது. ஆனால் உச்சியில் புடைத்து நிற்கும் மூக்கைக் காணோம். அந்த மூக்கில் காலை வெயில் பட்டதும் பளிச்சென்று மின்னும் வெள்ளைப் பாறையை, ஊர் முழுக்க மூக்குத்தி என்று சொல்லும் அந்தப் பாறையையும் காணோம். அங்கே அடர்ந்த சோலை இருந்தது, வழுவழுவென்று இறங்கும் ஒரு சரிவு இருந்தது, சரிவுக்கு மேலே நிழல் தேங்கிய இரண்டு பள்ளங்கள் இருந்தன. ராத்திரி இடி இடிக்கவில்லை, நிலம் ஆடவில்லை, அடுக்களையில் ஒரு டம்ளர்கூட உருளவில்லை. வெகுநேரம் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்த ஒருத்தி, கால் மரத்துப்போய் மறுபக்கம் திரும்பி உட்கார்வாளே, அப்படித் திரும்பியிருந்தது.

“முதுகக் காட்டிட்டா,” என்றார் கோயில் கமிட்டித் தலைவர் சடையப்பன்.

அந்தச் சொல் ஊரையே சுட்டது. ஏனென்றால், நாச்சிப்பாடிக்காரர்களுக்கு இருந்த பெருமையெல்லாம் அவர்கள் மலையின் முகத்துக்கு நேரே குடியிருக்கிறார்கள் என்பதுதான். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரின் பெயர் ஓடைக்காடு. ஆனால் அந்தப் பெயரை நாச்சிப்பாடியில் யாரும் வாயால் சொல்வதில்லை. முதுகுப்பட்டி என்றுதான் சொல்வார்கள். முதுகுப்பட்டியில் பெண் எடுப்பார்கள், பெண் கொடுக்க மாட்டார்கள். முதுகுப்பட்டி மிளகு சந்தைக்கு வந்தால், “முதுகு மிளகுல காரம் ஏதுங்க?” என்பார்கள். நாச்சிப்பாடிக் கோயிலில் சிலை கிடையாது. நாலு கல்தூணும் ஒரு கூரையும்தான். அங்கே நின்று சூடத்தை மலை முகத்துக்கு நேரே காட்டினால் பூசை முடிந்தது. அந்த முகம்தான் இப்போது ஓடைக்காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஊர் பார்த்து முடித்ததும், எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் சடையப்பன் வீட்டு முற்றத்தின் பக்கம் திரும்பின. அங்கே முக்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்தபடி மாரிக்கனி இருந்தாள். தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் குனிந்துகொண்டாள்.

மாரிக்கனி சிவகாசிக்காரி. காலண்டருக்குச் சாமி படம் வரைகிற ஓவியக்கூடத்தில் வேலை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையால் வரைந்த சாமிதான் வேண்டும் என்று கேட்கிற ஊர்கள் இருந்ததால் அந்தக் கூடம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. அங்கே முகம் போடுகிறவர் சங்கரபாண்டி அண்ணாச்சி. நகையும் சரிகையும் போட இன்னொருவர். சாமிக்குப் பின்னால் இருக்கிற மலை, ஆறு, மேகம், தாமரைக் குளம் எல்லாம் மாரிக்கனி. பி.ஏ. முடித்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு அங்கே பெயர் “பின்னாடி போடுற பிள்ளை.” அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. யாரையும் முகத்துக்கு நேரே பார்த்துப் பேச வராத பெண் அவள். மனிதர்களை அவர்களுடைய செருப்பிலும், விரல் நகத்திலும், நடந்து போகும்போது தோள் எந்தப் பக்கம் சரிகிறது என்பதிலும் அடையாளம் வைத்துக்கொள்வாள். மலையைப் பக்கத்தில் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் போடுகிற மலைதான் அவளும் போடுவாள்: பக்கத்தில் பக்கத்தில் நீலமாக மூன்று மேடு, நடுவே ஒரு சூரியன், கீழே வளைந்து வரும் ஆறு.

அந்த மலையைத்தான் போன வருடத்துக் காலண்டரில் பார்த்துவிட்டுச் சடையப்பன் போன் போட்டுச் சண்டை பிடித்திருந்தார். “ஏனுங்க, இது மலைங்களா, பருத்தி மூட்டைங்களா? எங்க நாச்சிக்கு மூக்கு இருக்குது, மூக்குத்தி இருக்குது. வந்து பாத்துட்டு வரைங்க.” அண்ணாச்சிக்கு மூட்டு வலி. “நீ போயிட்டு வா தாயி, உக்காந்து பாத்து அப்படியே போட்டுட்டு வா,” என்று மாரிக்கனியை பஸ் ஏற்றிவிட்டார்.

வந்து சடையப்பன் வீட்டில் தங்கிய கொஞ்ச நாளிலேயே தன் கை தனக்குச் சொந்தமில்லை என்று அவளுக்குத் தோன்ற ஆரம்பித்தது. நீலப் புட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் மலையில் நீலமே இல்லை. நீலம் தூரத்துக்கு உண்டான நிறம், பக்கத்தில் போனால் அது பாசியும் துருவும் ஈரமான தார் ரோட்டின் கறுப்புமாகப் பிரிந்து நின்றது. மலையிலிருந்து இறங்கும் பனிமூட்டம், ஊர்க்காரர்கள் சொல்லும் மஞ்சு, வந்து தாளில் உட்கார்ந்துகொண்டதால் வைத்த வண்ணம் வைத்த இடத்தில் நிற்கவில்லை, தானாக நகர்ந்து தனக்குத் தோன்றிய இடத்தில் போய்ப் படுத்தது. அவள் முதலில் அழுதாள், பிறகு வண்ணத்தை விட்டுவிட்டு அடுப்புக் கரியை எடுத்தாள். காட்டோரம் போய் உட்கார்ந்தவளின் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. “அட்டையில வரைய வந்த புள்ளய அட்டை வரைஞ்சிருச்சு,” என்று சடையப்பனின் மனைவி ரங்காயி உப்பைத் தேய்த்துக்கொண்டே சிரித்தாள். ஒரு நாள் காட்டெருமை ஒன்று புதரிலிருந்து வந்து எதிரே நின்றது. கையை அசைக்க முடியாது, மூச்சையும் பார்த்துத்தான் விட வேண்டும். அது போகிறவரை அதையும் அதன் பின்னால் இருந்த மலையையும் பார்த்துக்கொண்டே இருந்தாள், வேறு வழி இருக்கவில்லை. அது போன பிறகு வரைய உட்கார்ந்தபோது கோடு வேறு மாதிரி வந்தது. சிவகாசியில் அவள் மலையை உச்சியிலிருந்து தொடங்குவாள். இங்கே காலையில் மஞ்சு அடியிலிருந்து விலகுவதால் அடிவாரத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கீழிருந்து பார்த்துக்கொண்டே மேலே போக வேண்டியிருந்தது.

அப்படிப் போனால் ஒவ்வொரு தடவையும் முகம் வர வேண்டிய இடத்தில் முதுகு வந்தது.

தோள்பட்டை இரண்டும் சரியாக விழுந்தன, இடுப்பு விழுந்தது, மூக்கு மட்டும் எங்கே வைத்தாலும் ஒட்டவில்லை. ரங்காயி சோளம் உதிர்த்துக்கொண்டே எட்டிப் பார்த்து, “என்ன கண்ணு, யாரோ கோவிச்சுக்கிட்டுத் திரும்பி உக்காந்தாப்ல இருக்குது?” என்று கேட்டாள். மாரிக்கனிக்குக் காதுமடல் சுட்டது. பின்னாடி போட்டே பழகின கை, வேறென்ன வரும் என்று நினைத்துக்கொண்டு அழித்தாள். அடுத்த நாளும் அப்படியே வந்தது, அழித்தாள். அதற்கு அடுத்த நாள் காலையில்தான் மலை திரும்பியிருந்தது.

“அவ வரைஞ்சதே அப்படித்தானுங்க,” என்றாள் ரங்காயி, முற்றத்தில் கூடிய ஊரிடம். முன்பு சிரித்துக்கொண்டே சொன்ன அதே விஷயத்தை இப்போது சிரிக்காமல் சொன்னாள். “எங்கண்ணால பாத்தேன். திரும்பி உக்காந்தாப்லதான் வரைஞ்சா. நானே கேட்டேன்.”

“ஏனம்மிணி, மெய்தானா?” என்றார் சடையப்பன்.

மாரிக்கனி அவருடைய கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு, “எனக்கு அப்படித்தான் வந்துச்சுங்கய்யா. அழிச்சிட்டேன்,” என்றாள்.

“படத்துல அழிச்சிட்ட. மலையில யாரு அழிக்கறது?”

“முதுகுப்பட்டிக்காரன் எவனாச்சும் சொல்லிக் குடுத்திருப்பான்,” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “இந்தப் புள்ள மூஞ்சியப் பாரு, நம்மள நிமுந்து ஒரு பார்வ பாக்குதா?”

யாரும் கை ஓங்கவில்லை. மரியாதையாகவே பேசினார்கள். படத்தில் திருப்பியவள் படத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போகட்டும், மூக்கும் மூக்குத்தியுமாக நாச்சியை வரைந்து எல்லா வீட்டிலும் மாட்டினால் அதைப் பார்த்து நாச்சிக்கே வெட்கமாகித் திரும்பிவிடுவாள் என்று கமிட்டி முடிவு செய்தது. அதுவரை அந்தப் பெண்ணை ஏற்ற வேண்டாம் என்று பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிட்டார்கள். மாரிக்கனிக்கு அந்தப் படம் ஒன்றும் பெரிய காரியமில்லை. மூக்கு என்று சொன்னால் மூக்கு, மூன்று மேடு என்று சொன்னால் மூன்று மேடு; சொன்னதைப் போடுவதுதானே அவள் தொழில். ஒரே மூச்சில் போட்டுக் கொடுத்துவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறியிருக்கலாம். ஆனால் கரியை எடுத்துத் தாளில் வைத்தால் கை அசையவில்லை. பொய்யாக ஒரு மூக்கை வைத்துவிட்டால், இந்தக் காட்டில் தன் கைக்கு வந்து சேர்ந்தது திரும்பவும் போய்விடும், சாகிறவரை பருத்தி மூட்டைதான் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. “இன்னும் பாக்கணுங்கய்யா,” என்று மட்டும் சொன்னாள். அதுவும் சந்தேகத்தைத்தான் வளர்த்தது.

மலை திரும்பியதற்கு ஊர் மெல்ல மெல்லப் பழகிக்கொண்டது. வனத்துறையிலிருந்து ஒருவர் வந்து, ஜீப்பை விட்டு இறங்காமலேயே பார்த்து, “எல்லைக்கல் தாண்டலையே? அப்ப எங்களுக்கு ஒண்ணும் இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடை அந்தப் பக்கம் போய்விட்டது. அந்தப் பக்கத்து ஓடை இங்கே வந்தது. முதுகுத் தண்ணி என்று சொல்லி முதலில் யாரும் அதைத் தொடவில்லை. பிறகு மாட்டுக்குக் காட்டினார்கள், பிறகு துணி துவைத்தார்கள், பிறகு ஒரு வீட்டில் அதில் பருப்பு வேகவைத்துப் பார்த்து அது பூப்போல மலர்ந்ததை வெளியே சொல்லாமல் மறைத்தார்கள். கொஞ்ச நாளில் எல்லா வீட்டிலும் பருப்பு பூப்போல மலர்ந்தது, எல்லா வீட்டிலும் மறைத்தார்கள். போனுக்கு டவர் நன்றாக எடுத்தது, அதையும் யாரும் பெருமையாகப் பேசிக்கொள்ளவில்லை. நாச்சி முகத்துமேல ஆணை என்று செய்திருந்த சத்தியங்கள் இன்னும் செல்லுமா என்று பஞ்சாயத்து நடந்தது. முகம் இருந்தபோது செய்தது செல்லும், முதுகுக்குச் செய்தால் பாதி செல்லும் என்று தீர்ப்பானது. மலைக்குக் கண் பட்டுவிட்டது என்று சொல்லித் திருஷ்டி கழிக்க உப்பும் மிளகாயும் கூடையில் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி வரக் கிளம்பினார்கள். ஓடைக்காட்டு எல்லையில் அந்த ஊர்க்காரர்கள் குறுக்கே நின்று, “எங்க மொகத்துக்கு எதுக்குங்க நீங்க சுத்திப் போடறீங்க?” என்று கேட்டதால், பாதி சுற்றோடு திரும்பி வந்து மிச்சத்தைத் தெருவில் கொட்டினார்கள், இரண்டு தெரு நாள் முழுக்க இருமியது.

ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஊரால் பழக முடியவில்லை. யாரோ பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருந்தது.

கொல்லையில் தலை துவட்டும் பெண்கள் சட்டென்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார்கள். வரப்போரம் ஒதுங்கிய ஆண்கள் பாதியில் எழுந்து வேறு இடம் தேடினார்கள். புளியமரத்தடியில் சீட்டாடுகிறவர்கள் சீட்டை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டு, எவன் எட்டிப் பார்த்தது என்று ஒருவரை ஒருவர் சட்டையைப் பிடித்தார்கள். பால் ஊற்றுகிறவர் சொம்பில் தண்ணீர் கலக்கக் கையை நீட்டிவிட்டு, பிடரி கூச, கலக்காமலே ஊற்றினார். வாங்கினவர்கள் கெட்டியாக இருந்த பாலைப் பார்த்து இதில் என்ன கலந்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டார்கள். புருஷன்மார் பெண்டாட்டிகளையும் பெண்டாட்டிகள் மாமியார்களையும் வேவு பார்ப்பதாகச் சொன்னார்கள். கடைசியில் எல்லாச் சந்தேகமும் மாரிக்கனியிடம் வந்து சேர்ந்தது. கொட்டக் கொட்டப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், அவள் கண்தான் என்றார்கள். அவள் முக்காலியை ஊருக்கு வெளியே போடச் சொன்னார்கள். போட்டாள். அப்போதும் பிடரி கூசியது. முக்காலிக்கும் ஊருக்கும் நடுவே மூங்கில் தட்டி கட்டினார்கள். அப்போதும் கூசியது.

மாரிக்கனிக்கும் கூசியது. தட்டிக்கு இந்தப் பக்கம் அவளும் மலையும் மட்டும்தான் இருந்தார்கள்.

“இங்க இருந்து மூக்கு வராதுன்னா, இருக்கற எடத்துல போய்ப் பாத்து வரைஞ்சிட்டு வரட்டும்,” என்றார் சடையப்பன். துணைக்கு ரங்காயி போனாள். துணை என்று சொன்னாலும் காவல்தான் என்று இருவருக்கும் தெரியும். மலையைச் சுற்றிக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்தபோது ரங்காயி முன்னால் போனாள். மாரிக்கனி அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே போனாள். இடது தோள் இறங்கியிருந்தது, ஓடைக்காடு நெருங்க நெருங்க நடை தயங்கியது. முதுகுப்பட்டியிலிருந்து பெண் எடுத்த வீடுகளில் சடையப்பன் வீடும் ஒன்று என்பதை அந்தத் தோளிலிருந்து அவள் தெரிந்துகொண்டாள். பிறந்த ஊருக்குள் நுழையும் ஒருத்திக்குத்தான் நடை அப்படித் தயங்கும்.

ஓடைக்காட்டில் பாதிக் கல்யாணக் களை. வாசல்களில் மாவிலை காய்ந்துகொண்டிருந்தது. டீக்கடை போட்டிருந்த செல்லாயி, ரங்காயிக்குச் சின்ன வயதில் கூட விளையாடியவள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரவேற்றாள்.

“வாங்கம்மிணி வாங்க, முதுகுப்பட்டியில இருந்தா வாறீங்க? நடந்து களைச்சிருப்பீங்க. எங்க மொகத்துக்கு முன்னால உக்காந்து ஒரு டீ குடிங்க.”

“வாய மூடு செல்லா,” என்றாள் ரங்காயி.

“ஏன்டி மூடணும்? நீ அங்க வாக்கப்பட்டுப் போயி மொத தடவ திரும்பி வந்தப்ப எங்கிட்ட என்ன சொன்ன? ‘உங்கூரு டீயில வாடை அடிக்குது’ன்ன. இப்ப அடிக்குதா, குடிச்சுப் பாத்துச் சொல்லு.”

ரங்காயி அடிவரை குடித்துவிட்டு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

சாயங்கால வெயில் உச்சியில் விழுந்து வெள்ளைப் பாறை மின்னியது. கடையில் இருந்தவர்கள் எழுந்து கும்பிட்டார்கள். மாரிக்கனி தரையில் உட்கார்ந்து அடிவாரத்திலிருந்து கோட்டைத் தொடங்கினாள். செல்லாயி டம்ளர் கழுவிக்கொண்டே தன்பாட்டுக்குப் பேசினாள்.

“நல்லாத்தான் இருக்குது கண்ணு. பெருமைதான். ஆனா ஒண்ணு. முந்தியெல்லாம் இங்க கதவத் தெறந்தா யாரோ பாக்கறாப்லயே இருக்கும். சின்னதுல இருந்து அப்படித்தான், பழகிப்போச்சு. எங்கூரு ஆளுங்க குனிஞ்சே நடப்பாங்க, சந்தையில போனா முதுகுப்பட்டிக்காரன்னா எடை கொறையாதும்பான். இப்ப யாரும் பாக்கறாப்ல இல்ல. நிம்மதியா இருக்குது. நேத்து எங்கூட்டுக்காரரு மிளகுல பப்பாளி வெதயக் கலந்திருக்காரு, நாப்பது வருசத்துல மொத தடவ. சிரிச்சுக்கிட்டே கலக்கறாரு!”

கரி மாரிக்கனியின் கையில் நின்றுபோனது. அவள் தோள் வரை வந்திருந்தாள். அதற்கு மேல் கழுத்து, கழுத்துக்கு மேல் இறுக்கி முடிந்த ஒரு பெரிய கொண்டை, கொண்டையில் செருகிய வெள்ளைப் பூவாக அந்தப் பாறை. எல்லாம் தானாக, ஒட்ட வைக்க வேண்டிய தேவையே இல்லாமல், அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. ரங்காயி எட்டிப் பார்ப்பதற்குள் தாளை மடித்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியில் ரங்காயி கேட்டாள். “என்னத்தயோ பாத்துட்ட. சொல்ல மாட்டேங்கற.”

“வரைஞ்சாத்தான்க்கா எனக்கே தெரியும்.”

“எதுக்கும் பாத்து வரை. எங்கூட்டுக்காரரு கோவக்காரரு. ஒரு மூக்க வெச்சுக் குடுத்துட்டு ஊரு போய்ச் சேரு, நான் சொல்றதக் கேளு.”

மறுநாள் பூசை வேளைக்குக் கோயிலுக்கு முன்னால் ஊர் கூடியது. அண்ணாச்சி கொடுத்து அனுப்பிய பெரிய அட்டையைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு, மலையைப் பார்த்து மாரிக்கனி உட்கார்ந்தாள். தட்டியைப் பிரித்துவிட்டார்கள். அவள் வாழ்நாளில் ஒரு முகம்கூட வரைந்ததில்லை, யாரும் அவளை வரைய விட்டதும் இல்லை. அடிவாரத்தில் தொடங்கினாள். மடித்து வைத்த முழங்கால்கள் வந்தன, முழங்காலைக் கட்டிய கைகள் வந்தன. ஓடை ஒரு மடிப்பில் இறங்கி முந்தானையாக விழுந்தது. கழுத்தை எழுப்பினாள். வழுவழுவென்ற சரிவு கன்னமானது, சோலை முன்நெற்றியில் கலைந்த முடியானது. பின்னால் நின்ற கூட்டம் மூச்சு விடுவது அவள் கழுத்தில் பட்டது.

“மூக்கெங்க?” என்றார் சடையப்பன். “ஏனம்மிணி, மூக்கெங்க, மூக்குத்தி எங்க?”

“அது மூக்கு இல்லைங்கய்யா.”

“பொறவு?”

“கொண்டைங்க.” அவள் திரும்பாமலே சொன்னாள். “அவங்க திரும்பினது இப்பத்தாங்க நம்ம பக்கம். இத்தனை நாளா அந்தப் பக்கம் பாத்து உக்காந்திருந்தாங்க.”

சடையப்பனின் குரல் உடைந்துகொண்டு வந்தது. “எங்கப்பன், எங்கப்பனோட அப்பன்... எல்லாரும் கொண்டைக்கா சூடம் காட்டிட்டிருந்தோம்?”

“மெதுவாப் பேசுங்க,” என்றார் சீட்டாடுகிறவர்களில் ஒருவர். “அவனுகளுக்குக் கேட்டுருச்சுன்னா சிரிச்சே செத்துருவானுக.”

“அவனுக எதுக்குச் சிரிக்கறானுக? அவனுகளுக்கு இப்ப இருக்கறது கொண்டைதான?”

“அட, ஆமா!”

ஒரு சிரிப்பு கிளம்பிப் பாதியிலேயே நின்றது. ஏனென்றால் ரங்காயி படத்தைப் பார்த்துவிட்டு மலையைப் பார்த்தாள். சரிவுக்கு மேலே இருந்த அந்த இரண்டு பள்ளங்களையும் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் போர்த்திக்கொண்டார்கள். வாயில் இருந்த வெற்றிலையை ஒருவர் ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். சடையப்பன் மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார். இத்தனை நாளும் பிடரியில் ஏறிக்கொண்டிருந்தது எது என்று ஊர் ஒரே நேரத்தில் புரிந்துகொண்டது. புரிந்த பிறகு அது கூடுதலாகத்தான் கூசியது.

“கண்ணு வெக்கலையே,” என்றாள் ரங்காயி, மிகவும் தணிந்த குரலில்.

படத்தில் பள்ளங்கள் இரண்டும் வெறுமையாக இருந்தன. மாரிக்கனி அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். அவர் பதறிவிட்டார். “கண்ணத் தொட்றாத தாயி. கண்ணு திறக்கிறது விளையாட்டு இல்ல. மொதப் பார்வை ஆள் மேல படக் கூடாது. நான் கண்ணாடியக் காட்டித்தான் திறப்பேன், தெரியும்ல? நீ எடுத்துட்டு வா, நான் வெச்சுக்கிடுதேன்.”

“எடுத்துக்கிட்டுப் போக விட மாட்டாங்க, அண்ணாச்சி.”

“அப்ப வெறுமனே விட்டுட்டு வா.”

அவள் போனைக் கீழே வைத்தாள். வெறுமனே விட்டால் மலையின் பார்வைக்குக் கூசிக் கூசியே இந்த ஊர் தேய்ந்துபோகும் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுந்து, எல்லோரையும் தனக்குப் பின்னால் போகச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, போனார்கள். அட்டையைத் தூணிலிருந்து எடுத்து முன்னால் கொண்டுபோய், படம் மலையைப் பார்க்கும்படி திருப்பி நிறுத்தினாள். அட்டையின் வெற்று முதுகுதான் இப்போது ஊருக்குத் தெரிந்தது. அவளும் அதற்குப் பின்னாலேயே முழங்காலிட்டு உட்கார்ந்து, கரியைப் பிடித்த கையை அட்டையின் விளிம்புக்கு மேலே கொண்டுபோய் அந்தப் பக்கம் இறக்கினாள். தலையைத் தூக்கவில்லை, எட்டிப் பார்க்கவில்லை. விரலால் பள்ளத்தைத் தடவிக் கண்டுபிடித்து ஒன்று வைத்தாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று வைத்தாள்.

சூடம் எரிந்து அணைந்தது. ஒன்றும் அசையவில்லை. ஆனால் பெண்கள் ஒவ்வொருவராகத் தோள் தளர்ந்து நிமிர்ந்தார்கள், ஆண்கள் பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். மலை அங்கேதான் இருந்தது, முகமும் இந்தப் பக்கம்தான் இருந்தது. அது ஊரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அட்டையில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆடுகள் மட்டும் அட்டைக்கு முன்னால் போய் நின்று, பார்த்துவிட்டு, விலகி நடந்தன.

அந்தப் பக்கம் போய்ப் பார்க்க யாருக்கும் மனம் வரவில்லை. அட்டையை எடுக்கவும் யாரும் கேட்கவில்லை. அச்சுக்கு வேறு ஏதாவது போட்டு அனுப்புங்கள், பருத்தி மூட்டையே போதும் என்றார் சடையப்பன். முதுகுப்பட்டிக்காரனிடம், அதாவது ஓடைக்காட்டுக்காரர்களிடம், வாய் திறக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். கண்டக்டர் அவளை முன் சீட்டில் உட்கார வைத்தார். பஸ் ரெண்டு வளைவு இறங்குவதற்குள் அண்ணாச்சி கூப்பிட்டுவிட்டார்.

“கண்ணு வெச்சிட்டியாமே? என்ன பிள்ளை நீ! எப்படி வந்திருக்கு?”

“தெரியலை அண்ணாச்சி. நான் பாக்கலை.”

“பாக்காம எப்படி வெச்ச?”

மாரிக்கனி நிமிர்ந்து, ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

“அவ பாத்துக்கிட்டா, அண்ணாச்சி.”